நான் அழித்த எண்கள்

ஒரே கூழ், ஒரே வேகத்தில், இரண்டு எண்கள் காட்டினால் நீங்கள் எதை நம்புவீர்கள்: கூழையா, சீனியர் ரெக்கார்டையா? நான் ரெக்கார்டை நம்பித் தொலைத்தேன். அதனால்தான் லேப் வராண்டாவில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உணவுத் தொழில்நுட்பத்தில் எல்லாப் பாடமும் பாஸ். இந்த ஒரு லேப் மட்டும் அரியர். இது மூன்றாவது முறை. இதை முடித்தால்தான் சென்னையில் வேலை. காலையில் திருக்கோகர்ணத்தில் பஸ் ஏறும்போதே அம்மா, "இந்தத் தடவையாச்சும் முடிச்சுட்டு வாடா" என்றாள்.

குவளையில் கேழ்வரகுக் கூழ், அதன் நடுவே சுழலும் உருளை. கூழ் எவ்வளவு பிடித்து இழுக்கிறதோ, அது திரையில் எண்ணாக வரும். வேகத்தை ஏற்றிக்கொண்டே அளக்க வேண்டும், பிறகு இறக்கிக்கொண்டே. இறங்கும்போது எல்லா எண்களும் குறைந்தே வந்தன. சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். கைமாறி வந்த ஒரு சீனியரின் ரெக்கார்டு நோட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்கள். ரப்பரை எடுத்தேன். அழித்தேன். மாற்றினேன்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் தாளைப் பார்த்தார்.

"ஏறுறப்பவும் எறங்குறப்பவும் ஒரே நம்பரா? என்னப்பா, இது கூழா, வெளக்கெண்ணெயா?"

அப்போதுதான் உறைத்தது. சீனியர் ரெக்கார்டு விளக்கெண்ணெய்க்கு எழுதியது. எண்ணெய் எவ்வளவு சுற்றினாலும் மாறாது. கூழ் சுற்றச் சுற்றத் தளரும், தளர்ந்தது உடனே இறுகாது. நான் அழித்ததுதான் சரியான விடை. அதில் ஒரு எண்கூட இப்போது ஞாபகமில்லை.

"மேடம், ப்ளீஸ் மேடம், இன்னொரு தடவ அளந்துக்கிறேன்."

"புதுக் கூழ் எடுத்து அளங்க."

கூழைக் காய்ச்சிக் கொண்டுவந்த லேப் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, மிச்சக் கூழு எங்கண்ணே?"

"மோரு ஊத்திக் குடிச்சுட்டேனேப்பா. நீதான் முடிச்சுட்டேன்னு சிரிச்சுக்கிட்டு நின்னியே?"

"என் வேலையவே குடிச்சுட்டீங்கண்ணே!"

"அதுல உப்பே இல்லப்பா."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "குவளையில இருக்கிறத அரை மணி நேரம் ஆட்டாம வைங்க. இறுகுச்சுன்னா அளங்க. ஒரு மணிக்கு எக்ஸாம் முடிஞ்சிரும்."

பன்னிரண்டே காலுக்கு வைத்தது. பழையபடி இறுகுமா, தெரியவில்லை. யாராவது கதவைச் சாத்தினாலே எனக்கு உயிர் போகிறது, குவளை அதிருமே. இப்போது மணி பன்னிரண்டு நாற்பத்து மூன்று.