இரண்டாம் பாகம் பார்த்த சனிக்கிழமை

என் அம்மாவுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். நாலாம் வகுப்பு டீச்சர், குடையும் சாப்பாட்டுக் கூடையுமாகப் பள்ளிக்கூடம் போய்வருகிற ஆள், அடிதடியைக் கண்கொட்டாமல் பார்ப்பாள் என்று சொன்னால் தா.பழூர் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் அது எங்கள் வீட்டு ரகசியமாகவே இருந்தது. தமிழ் பேசவைத்த ஒரு வெளிநாட்டுப் படத்தின் முதல் பாகத்தை டிவியில் மூன்று தடவை பார்த்திருந்தோம். இரண்டாம் பாகம் அரியலூருக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், எனக்குக் கண் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னை மேட்னிக்கு அழைத்துப்போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கண் நன்றாகத்தான் இருந்தது.

உலகம் வெந்து சாம்பலாகிப்போன பிறகு நடக்கிற கதை அது. மழை இல்லை, மரம் இல்லை. அந்தப் பாழில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவன் தனியாக நடக்கிறான். முதல் பாகத்தில் ஓர் ஊரையே ஆபத்தில் விட்டுவிட்டு ஓடியவன். இரண்டாம் பாகத்தில் அந்த ஊரில் மிஞ்சியவர்கள் அவனைக் கண்ட இடத்தில் கல்லால் அடிக்கிறார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கடைசியில் அவர்களைக் கொல்ல வருகிற கூட்டத்தை ஒற்றை ஆளாகத் தடுத்து நிறுத்திவிட்டு, நன்றி சொல்ல யாரும் வருவதற்குள் போய்விடுகிறான்.

“இவன் நல்லவனாம்மா, கெட்டவனா?” என்று கேட்டேன்.

“செத்த சும்மா இருந்து பாரு” என்றாள் அம்மா. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அந்த மனிதனையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் ஒரு தரைப்பாலம். ஓடைத் தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று டிரைவர் பஸ்ஸைத் தண்ணீரில் இறக்கினார். நடுப்பாலத்தில் இன்ஜின் நின்றது. செம்மண் தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது பெண்கள் அலறினார்கள். அம்மா என்னைச் சீட்டின்மேல் ஏற்றி நிறுத்தி, தன் முந்தானையால் என்னையும் கம்பியையும் சேர்த்துக் கட்டினாள். அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது. அவ்வளவு நேரம் சண்டை பார்த்தவளுக்கு இப்போது ஏன் உதடு வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து டிப்பர் லாரி ஒன்று வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டி. தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து பஸ்ஸுக்குப் பத்தடி பின்னால் நின்றது. கதவைத் திறந்து இறங்கிய ஆளின் மூக்கும் வாயும் துண்டுக்குள் இருந்தன. கண் மட்டும் தெரிந்தது. படத்தில் பார்த்தேனே, அதே ஆள்!

லாரியில் கட்டிய கயிற்றின் மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் தண்ணீருக்குள் நடந்தார். இடுப்புக்கு மேல் ஏறியது. ஒரு தடவை கால் வழுக்கி ஆளே காணாமல்போய், பிறகு தலை மட்டும் மேலே வந்தது. பஸ்ஸின் ஏணியில் கயிற்றைக் கட்டிவிட்டு, எங்கள் ஜன்னலுக்கு வந்து அம்மாவைப் பார்த்தார்.

“புள்ளய மொத குடு” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு அம்மா முந்தானை முடிச்சில் வைத்த கையோடு நிமிர்ந்தாள். பிறகு, “மாமா, நீங்களா?” என்றாள்.

அப்பாவின் அண்ணன் அவர். எங்கள் வீட்டில் பேச்சே எடுக்கக்கூடாத பெரியப்பா. ஊரில் எல்லாரும் சுரங்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று நின்றபோது, முதலில் கையெழுத்துப் போட்டவர். போதாததற்கு அந்தச் சுரங்கத்திலேயே லாரி ஓட்டப் போனவர். லாரிகளை மறித்து ஊரே ரோட்டில் உட்கார்ந்த அன்று, அவர் வண்டிக்கு முன்னால் போய்ப் படுத்தது என் அப்பா.

பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தார். அவர் மேலெல்லாம் சுண்ணாம்பு வாசம். எத்தனை தடவை போய்வந்தார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், மறியலில் பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசியவர், அவர் முதுகில் ஏறித்தான் வந்தார். கண்களை மூடியபடியே வந்தார், யார் முதுகு என்று தெரியாதவர்போல.

பாலம் வழியாகப் போகமுடியாது என்பதால் லாரியைத் திருப்பிச் சுரங்கத்துக்குப் போகிற பாதையில் விட்டார். நானும் அம்மாவும் முன்னால், மற்றவர்கள் பின்னால் கல் கொட்டும் தொட்டியில். மழை விட்டு மங்கல் வெளிச்சம் இருந்தது. திடீரென்று வலப்பக்கம் பூமியே இல்லை. வெள்ளையாக, அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போகும் பள்ளம். அடியில் நின்ற இயந்திரங்கள் தீப்பெட்டிபோலத் தெரிந்தன. மரம் ஒன்றுகூட இல்லை. படத்தில் பார்த்த உலகம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது!

“நம்ம கடலக்கொல்ல எங்க மாமா இருந்துச்சு?” என்று அம்மா கேட்டாள்.

பெரியப்பா பள்ளத்தின் நடுவே, வெறும் காற்றிருந்த ஓரிடத்தைக் காட்டினார். 

ஊருக்குப் பிரிகிற விலக்கில் எல்லாரையும் இறக்கிவிட்டார். சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். “வூட்டுக்கு வந்துட்டுப் போங்க மாமா” என்றாள் அம்மா. “இல்லம்மா, வண்டியக் கொண்டுபோயி விடணும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி முகத்தில் சுற்றிக்கொண்டார். படத்தில் அவன் போனதுபோலவே போனார். வண்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

வீட்டுக்குள் ஓடி அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கண் டாக்டரை யாரும் விசாரிக்கவில்லை. மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. நான் முடித்த பிறகு, “தண்ணி எதுமுட்டும் இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“பெரியப்பாவுக்கே இடுப்பு முங்கிடுச்சுப்பா. ஒருவாட்டி ஆளே உள்ள போயிட்டாரு!”

அப்பாவின் கையிலிருந்த திருகாணி தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைத் தேடவில்லை.

“அவனுக்கு நீச்சல் தெரியாதுடி” என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரையே தோளில் தூக்கி வந்தவரைப்பற்றிச் சொன்னால், அப்போதும் அவரிடம் ஒரு குறையைத்தான் கண்டுபிடிக்கிறாரே என்று. நீச்சல் தெரியாதவர் யாராவது அந்த வெள்ளத்தில் இறங்குவார்களா? கோபத்தில் அப்பா பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு, ஈரப் பாவாடையோடு அம்மாவைத் தேடிப் போனேன்.