என் கட்டுரைகள், அவள் முகவரி

நான் எழுதிய கட்டுரைகள் இன்றைக்கும் தேடலில் முதலில் வருகின்றன. திறந்தால் என் வாக்கியங்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. மேலே இருக்கும் இணைய முகவரிதான் என்னுடையது இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பஸ் எந்த ஊரில் நிற்கும், கைக்குழந்தையை விட இடம் உண்டா என்பதெல்லாம் இங்குள்ள பெண்களுக்கு வாய்வழியாகத்தான் தெரிய வரும். நடுவில் ஆள் பிடிக்கிற காண்ட்ராக்டர் புகுந்துவிட்டால் அவர் சொன்னதுதான் சேதி. அவரைத் தாண்டி நேராகக் கம்பெனியைக் கேட்க ஒரு வழி வேண்டும் என்றுதான் போனில் திறக்கிற ஒரு ஆப் செய்தேன். நான் படித்தது வணிகவியல், நிரல் எழுதத் தெரியாது. பெட்டிகளை இழுத்து வைத்தால் போதும் என்கிற நோ-கோடு கருவியில் நானே கட்டினேன், பழுதானபோதெல்லாம் நானே சரிசெய்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் தேடுகிறவர்கள் கண்ணில் அது படவே இல்லை. அந்தக் கருவியில் செய்த பக்கம், ஆள் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பதைக் கொண்டுவந்து காட்டும். தேடுபொறி எட்டிப் பார்க்கும்போது வெறும் பக்கம்தான். சாதாரணப் பக்கங்களில் ஒரு பிளாக் எழுதி, ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஆப்புக்கு வர ஒரு பட்டன் வைக்க வேண்டும். அந்த பிளாக்கை எங்கே வைப்பது? கருவிக்குள்ளேயே வைத்தால் அதே கதைதான். வேறிடத்தில் நடத்தி என் முகவரியோடு இணைக்கலாம், ஆனால் அந்த இணைப்பு வேலை எனக்குப் பிடிபடவில்லை.

கல்லூரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் தேர்வு முடிவு, வேலைவாய்ப்புச் செய்தி போடுகிற தளம் ஒன்று வைத்திருந்தாள்.

"என் சைட்ல போடுடி. பழைய சைட்டு. கூகுள் புதுசை விட இதைத்தான் ஜாஸ்தி நம்பும்," என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. போட்ட கொஞ்ச நாளிலேயே கட்டுரைகள் மேலே வந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தைக்கிற கை ஒன்று, முத்திரை வேறொன்று. அம்மா தைக்கும் ஷூவுக்குள் ஏதோ தூர தேசத்துப் பெயர்தான் அடித்திருக்கும். வேலை சுத்தமாக இருந்தால் ஆர்டர் வரும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்டே வளர்ந்தவள் நான். கட்டுரை என்னுடையது, முகவரி அவளுடையது என்பது எனக்கு உறுத்தவே இல்லை. வேறு ஊரில் பிறந்திருந்தால் ஒருவேளை உறுத்தியிருக்கும்.

வேலைக்குச் சேரும் முதல் நாள் பற்றி எழுதினேன். எந்த மெஷினில் உட்காரவைப்பார்கள், சூப்பர்வைசர் இங்கிலீஷில் கத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்றெல்லாம். முதலில் படித்தவள் அவள்தான். "உங்க அம்மாவே பேசற மாதிரி இருக்குடி," என்றாள். எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி வைத்திருந்தேன்: நடுவில் யார் கேட்டாலும் போட்டோவும் ஆதாரும் அனுப்பாதீர்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார். "பஸ்ஸுல கேக்கறாங்க, உன் பொண்ணு ஆள் புடிக்கறாளான்னு. இன்னா சொல்லட்டும்?"

கம்பெனியில் அம்மாவோடு ஒரே லைனில் தைக்கிற ஒரு அக்காவின் மகள் என் கட்டுரையைப் படித்துப் பட்டனை அழுத்தியிருக்கிறாள். திறந்தது என் ஆப் இல்லை, வேறு யாருடையதோ ஒரு பக்கம். அது கேட்ட இடத்தில் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் ஒரு காண்ட்ராக்டரின் ஆள் போன் செய்து பேசியிருக்கிறான்.

அப்போதே ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்தேன். எல்லாப் பட்டனும் மாறியிருந்தது. போட்டோ அனுப்பாதீர்கள் என்ற வரியும் இல்லை. பட்டனை மாற்றியதைக்கூட ஏதோ அவசரம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த வரியை ஒவ்வொரு கட்டுரையாகத் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும்.

வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்கு என் தோழியை வரச் சொன்னேன். வந்தாள். எனக்கும் சேர்த்து பப்ஸ் சொன்னாள்.

"பட்டனை மாத்தினது நீயா?"

"ஆமா. அந்தக் காண்ட்ராக்டரு எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரு. ஆள் வேணும்னாரு. இதுல இன்னாடி?"

"என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"என் வீட்டுக்கு வெள்ளை அடிக்க உன்னைக் கேக்கணுமா?"

"எழுதினது நான்."

"யாரு இல்லன்னா? காப்பி பண்ணி எடுத்துனு போய் உன்னுதுல ஒட்டிக்கோ. நான் இன்னா கையைப் புடிச்சிக்கினேனா?"

அப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். முதலில் வந்த பக்கத்தைத்தான் தேடுபொறி பெரும்பாலும் அசல் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வருவது நகல். என் கட்டுரைக்கு நானே திருடியாகத் தெரிவேன். பழைய பக்கத்துக்கு வருகிறவர்களை என் முகவரிக்குத் திருப்பிவிடு, அது போதும் என்றேன். அவளுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

"பாக்கறேன். பேஜார் பண்ணாதடி, பப்ஸ் ஆறுது," என்றாள். அன்றைக்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை.

இணைப்பு வேலையை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பிளாக்குக்கு என் பெயரில் இடம் எடுத்து, ஆப்பின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு அதன் கீழ் வைத்தேன். முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்துக் கிளைத் தளமாக வைப்பதா, இப்படிப் பின்னால் வைப்பதா என்று ஆளுக்கொரு கட்சி பேசுவார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். ஒரு கட்டுரையையும் ஒட்டவில்லை, எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். தேடலில் அவை எங்கோ அடியில் கிடக்கின்றன.

புதுப் பக்கத்தைக் காட்ட ஒரு நாள் காலையில் அம்மாவோடு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அந்த அக்கா நின்றிருந்தார். போனில் பழைய பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"இத எழுதினது நீயா?"

"நான்தான்க்கா. ஆனா போன் பண்ண அந்த ஆள் என் ஆள் இல்ல. நான் எழுதினதை வேற ஒருத்தி மாத்திட்டா."

"எழுத்து உன்னுது, ஆளு மட்டும் உன்னுது இல்லையா?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கம்பெனி பஸ் திரும்புவது தெரிந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்க பொண்ணு அவனுக்குப் போட்டோ அனுப்பிட்டாம்மா," என்றார். "உனக்குப் படிப்பு இருக்கு. அதத் திருப்பி வாங்கிக் குடு."

அம்மா என்னைப் பார்த்தார். பஸ் வந்து நிற்பதற்குள் அந்த ஆளின் நம்பரைக் கேட்டு என் போனில் சேமித்துக்கொண்டேன்.