மாமாவின் தோக்கும் இரண்டு காந்தங்களும்

எங்கள் வீட்டு மர பீரோவின் பின்பலகையில், உள்பக்கமாக, இரண்டு கறுப்புக் காந்தங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முறுக்கு அகலம் இருக்கும். இரும்பில் கீறல் விழாமலிருக்க மேலே ரப்பர் பூசியிருந்தார்கள். 2010-இல் லீவுக்கு வந்த என் வீட்டுக்காரர், சென்ட் பாட்டில்களுக்கும் பால்பொடி டப்பாக்களுக்கும் நடுவே பொதிந்து துபாயிலிருந்து கொண்டுவந்தவை அவை. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வளையல் வாங்கத் தோன்றாத மனுஷனுக்கு, அப்பாவின் துப்பாக்கியை ஒட்டிவைக்கக் காந்தம் வாங்கத் தோன்றியிருக்கிறது! இதைச் சொல்லியே லீவு முடியும்வரை அவரை வறுத்தெடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

துப்பாக்கி என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, தோக்கு என்போம். என் மாமா, அதாவது வீட்டுக்காரரின் அப்பா, பட்டாளத்திலிருந்து பென்ஷனாகி வந்தபின் நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் காவல் நின்றார். தோக்கும் அவருடையது, லைசென்ஸும் அவர் பேரில். இரட்டைக்குழல். தோக்கு இருந்தால்தான் அந்த வேலை. காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, தோளில் தோக்கோடு அவர் அஞ்சுகிராமம் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கள் தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். மாமா யாரையும் பார்க்கமாட்டார். ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வங்கி வாசலில் நிற்கும்போது மட்டுமே குழலில் தோட்டா இருக்க வேண்டும், பஸ் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். அதற்கு மேலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தோக்கை நடுவில் மடக்கித் திறந்து, ஜன்னலுக்கு நேரே பிடித்து, வீட்டில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு குழலுக்குள்ளும் பார்க்கச் சொல்வார். பார்த்தவர் "வெளிச்சம் தெரியுது" என்று வாயால் சொல்ல வேண்டும். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும் செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்து பார்த்தாக வேண்டும். "நீரு பாத்தா போராதா? எனக்க கண்ணுதான் வேணுமா?" என்று முனகுவாள். "ஒருத்தன் கண்ணு ஏமாத்தும் கேட்டியா. ரெண்டு பேரு பாக்கணும்" என்பார் மாமா. அதன் பிறகு எண்ணெய்த் துணியால் துடைப்பது, பழைய கம்பளியில் சுற்றுவது, நாடாவால் மூன்று இடத்தில் கட்டுவது, பீரோவின் அடித்தட்டில் கிடத்தி அதன்மேல் போர்வைகளை அடுக்குவது. காப்பி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

காந்தம் வந்ததும் இது எல்லாம் போயிற்று. கம்பளி வேண்டாம், நாடா வேண்டாம். குழலைப் பலகையின் பக்கம் கொண்டுபோனால் போதும், "டக்" என்று ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். வருகிறவர்களுக்கெல்லாம் பீரோவைத் திறந்து காட்டினார். பக்கத்து வீட்டுச் சித்தி வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்துவிட்டு, இழுத்து எடுக்க அவருடைய மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மாமியின் சாவிக்கொத்து ஒருநாள் முழுக்கக் காணாமல் போய் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. "எனக்க மகன் கொண்டாந்ததுல்லா" என்று அதற்கும் அவள் பெருமைப்பட்டாளே தவிர ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. கரண்டியை எடுத்துக்கொண்டு காந்தத்தைத் தேடி ஓடுவதே அவளுக்கு விளையாட்டு. பீரோவை எப்போதும் பூட்டி வையுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். சரி என்றார். ஆனால் அந்த வருஷம் அவர் நிறைய விஷயத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டு மறந்தார். குடையைப் பஸ்ஸில் விட்டார். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, "இன்னும் சோறு போடலியா?" என்று மாமியைக் கேட்டார். வயசானால் வருவதுதானே என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேய்த்து வந்த காக்கிச் சட்டையை வைக்க பீரோவைத் திறந்தேன். பூட்டியிருக்கவில்லை. தோக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தோட்டா பெல்ட் தொங்கியது. அதில் இரண்டு வளையம் காலி. மகள் கரண்டியோடு என் முழங்காலுக்குப் பின்னால் நின்றாள். பீரோவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மாமியிடம் விட்டேன். பிறகுதான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவிடம் போனேன்.

"மாமா, அந்தத் தோக்க ஒண்ணு தொறந்து பாக்கணும்."

"காலியாத்தான் இருக்கும் மக்ளே" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். நான் பூட்டைத் திறந்ததும் காந்தத்திலிருந்து இழுத்தெடுத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்தார். வெளிச்சம் தெரிய வேண்டிய துவாரங்கள் அடைபட்டிருந்தன. இரண்டு தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் பளபளவென்று தெரிந்தது.

நான் என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். பிள்ளை இருக்கிற வீடு இல்லையா என்று கத்தவே நினைத்திருந்தேன். அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் தோட்டாக்களைப் பார்க்கவே இல்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து பஸ்ல வந்தேனே மக்ளே" என்றார். "சனிக்கிழமக் கூட்டம். ஒரு பிள்ளத்தாச்சி எனக்குப் பக்கத்துலதான் நின்னுட்டு வந்தா." தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார்.

இதைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். காந்தத்தில் ஒரு குறையும் கிடையாது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. ஆனால் அந்தக் கம்பளியும் நாடாவும் மாமியின் முனகலும் சும்மா சடங்கு இல்லை. ஒரு வேலை அடுத்த வேலையை நினைவுபடுத்த, அவருடைய மறதியை அத்தனை நாளும் அவைதான் தாங்கிப் பிடித்திருக்கின்றன. வேலை சுலபமானதும் அந்தத் தாங்கல் போய்விட்டது. "டக்" என்ற சத்தம் கேட்டால் எல்லாம் முடிந்தது என்று அவர் மனசு எடுத்துக்கொண்டது. ஜன்னலுக்கு நேரே பிடித்து எங்களைக் கூப்பிடுவது எப்போது நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தோம்.

மாமா அன்றே கம்பளியைத் தேடி எடுத்தார். மறுபடி எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஆனால் இப்போது ஒரே சாயங்காலத்தில் பார்த்ததையே மறந்து திரும்பவும் கூப்பிட்டார். "இப்பதானே பாத்தேன்" என்று மாமி சொன்னால் அவர் கண்ணில் ஒரு பயம் வந்து போகும். போனில் சொன்னபோது, வேலையை விடச் சொல் என்றார் என் வீட்டுக்காரர். துபாயிலிருந்து சொல்வது சுலபம். நான் மாமாவிடம் நேராகவே சொன்னேன்: "வீட்டுல பாக்க நாங்க உண்டு மாமா. பஸ்ஸுல பாக்க யாரு உண்டு?" தோக்கு இல்லாமல் அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாமாவை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் எப்படி நினைப்பார்?

2011-இல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் தோக்கு வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் காவலுக்கு நிற்பவர்கள் கேட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்கில் மாமாவுக்கு அப்படி ஒரு கர்வம். பண்ணையார்களெல்லாம் வரிசையில் நின்று தோக்கைக் கொடுக்கும்போது, தன்னுடையது மட்டும் தோளிலேயே இருப்பதை ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிக் காட்டுவார். அந்த வருஷம் அவர் விலக்குக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற மாதிரியே காக்கி உடுத்தி, மாமியையும் என்னையும் கூப்பிட்டு ஜன்னலுக்கு நேரே குழலைக் காட்டினார். நாங்கள் இரண்டுபேரும் பார்த்தோம். "வெளிச்சம் தெரியுது" என்று சொன்னோம். "எலெக்ஷன்லா, குடுக்கணும்" என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார். மறுநாள் வங்கிக்குப் போகவில்லை.

வாக்களித்தோம். முடிவும் வந்தது. மற்றவர்கள் தோக்கைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இனி என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் அவரிடம் போய்ப் பேச்செடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மக்ளே, எலெக்ஷன் முடிஞ்சுதுன்னு எனக்க கிட்ட யாரும் சொல்லாண்டாம்."

அடுக்களைக்குப் போய் அழுதேன். நான் சொல்லிக் கொடுத்தபடி மாமியும் என் மகளும்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த லீவில் என் வீட்டுக்காரர் வந்து லைசென்ஸை ரத்து செய்யும் வேலைகளைச் சத்தமில்லாமல் முடித்தார்.

அதன் பிறகும் மாமா சில வருஷம் இருந்தார். கடைசியில் என் பேர் மறந்தது, மகன் துபாயில் இருப்பது மறந்தது. தோக்கு மட்டும் மறக்கவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி தோளைத் தடவிப் பார்ப்பார். பிறகு என்னைத் தேடி வருவார்.

"எலெக்ஷன் முடிஞ்சுதா?"

"இல்ல மாமா. இன்னும் முடியல்ல."

"அப்ப சரி" என்பார். போய் உட்கார்ந்துகொள்வார்.