திரையின் மூலையில் போன மாதம்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஜெராக்ஸில் வருவது டீச் செலவுக்குத்தான் காணும். சோறு போடுவது ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால் கட்டம் அச்சாகும். இரண்டு ஜாதகம் கொடுத்தால் பொருத்தம் வரும்.

அந்த ஜாதக மென்பொருளை நான் வாங்கவில்லை. முப்பது நாள் இலவசம், அப்புறம் பூட்டிக்கொள்ளும் ரகம். நான் என்ன செய்வேன், கம்ப்யூட்டரின் தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளிவிடுவேன். அதுவும் பாவம், நம்பிக்கொண்டு வேலை செய்யும். ஒரே தொல்லை, தேதி தப்பாக இருந்தால் சில இணையதளங்கள் திறக்காது. பழைய பஞ்சாங்கத் தளம் வரும். அரசாங்கத் தளம் என்றால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக ஒன்று வந்து நிற்கும். அப்போது ஜாதகத்தை மூடி, தேதியைச் சரிசெய்து, வேலை முடிந்ததும் திரும்பத் தள்ளிவிடுவேன். ஜாதகம் திறந்திருக்கும்போது மட்டும் தேதியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும்.

அன்று மாமி ஒருத்தர் வந்திருந்தார். வாடிக்கைக்காரர். பெண்ணுக்கு வந்த ஆறு வரன்களின் ஜாதகங்களோடு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது ஒருத்தி தன் மகளோடு வந்து நின்றாள். எங்கள் சந்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள்.

"சார், பொண்ணு காலேஜுக்கு அப்ளிகேஷன் போடணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டாதான் உண்டாம். போன்ல போட்டோ ஏற மாட்டேங்குது சார்."

மணி நாலு. "கடைசி நாள் வரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று அவள் பேச்சிலேயே திருப்பிக் கேட்டேன். மாமி சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"சர்டிபிகேட்டே காலைலதான் சார் குட்த்தாங்க."

தளத்தைத் திறந்தேன். சிவப்பு. வேறு பிரவுசரில் போட்டேன். சிவப்பு. மோடத்தை அணைத்துப் போட்டேன், பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய குப்பையெல்லாம் அழித்தேன். சத்தியமாக அதுவரை தேதி ஞாபகமே இல்லை. பின்னாலிருந்து மகள்தான் சொன்னாள்.

"அங்கிள், கீழ தேதி தப்பா கீது. போன மாசம் காட்டுது. அதான் தொறக்கல."

மாமி நிமிர்ந்தார். "என்னப்பா, தேதி தப்புங்கறா?"

தேதி தப்பான கம்ப்யூட்டரில் ஜாதகம் போடுகிறான் என்று மாட வீதி முழுக்கப் பரவினால் நான் கடையை மூட வேண்டியதுதான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமி, டிஸ்ப்ளே அப்படி" என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "ரொம்பத் தெரியுமோ? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என்ன மார்க்கு நீ?"

"கம்ப்யூட்டர்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு சார்" என்றாள் தாய், பெருமையாக.

"அப்ப நீயே ஒரு கடை வச்சுக்கோ. சர்வர் பிஸி. வெளியில நில்லுங்க, கூப்பிடுறேன்."

வெயிலில் நின்றார்கள். ஜாதகத்தை மூடி, தேதியை மாற்றி, அவர்கள் வேலையை முடித்து அனுப்பியிருக்கலாம். கால் மணி நேரம். மாமி காத்திருப்பார், அவருக்கு என்ன அவசரம். நான் மிச்ச மூன்று வரன்களையும் நிதானமாகப் போட்டேன். மாமி கேட்காத தோஷப் பரிகாரப் பக்கத்தையும் சேர்த்து அச்சடித்தேன்.

மாமி போனபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தேதியை மாற்றினேன், தளம் சட்டென்று திறந்தது. கூப்பிட்டேன். அந்தப் பெண் எல்லா எண்களையும் மனப்பாடமாக, ஒரு தடங்கலில்லாமல் சொன்னாள். போட்டோ ஏற்றும் பக்கத்துக்கு வந்தபோது 'விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது' என்று வந்தது.

தாய் மகளை அறைந்தாள். "நேத்தே போட்டோ எடுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!"

"இவரு வேணும்னே பண்ணாரும்மா. அந்தம்மா போனப்புறம்தான் தேதிய மாத்தினாரு. நான் பாத்தேன்."

இன்னொரு அறை விழுந்தது. "நமக்கோசரம் இம்மாம் நேரம் கஷ்டப்பட்டாரு, அவரப் போயி சொல்றியா? மன்னிப்பு கேளு."

"சாரி அங்கிள்."

"பரவாயில்லம்மா, சின்னப் பொண்ணுதானே" என்றேன். சீ, அதை நினைத்தால் இன்றைக்கும் என் மீது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

அடுத்த மாதமே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். அந்தப் பெண் இப்போது மாமி வீட்டில் வேலை செய்கிறாள். மாமியின் பெண்ணுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. புது வரன் வந்தால் ஜாதகத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறார். கடையில் யார் இருந்தாலும் அவள் நேராக வந்து திரையின் கீழ் மூலையைக் குனிந்து பார்க்கிறாள்.

"இன்னிக்கு கரீட்டா கீது அங்கிள்" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுகிறாள்.