எங்கள் அக்காவுக்கு அளக்காத அரிசி

திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் தங்கை எழுதுகிறேன். அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அழ வேண்டியதெல்லாம் அழுதாயிற்று. இப்போது என்னிடம் இருப்பது கோபம்தான். அதை அடக்கிக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

இந்த மலரின் அட்டையில் போடுவதற்கு அக்காவின் மூத்த மகன் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தான்: “ஒரு பருக்கையும் வீணாக்காத உத்தமி.” நான் பேனாவை வாங்கி அதை அடித்தேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் அடித்தேன் என்று அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்கா பிறந்தது கம்பம் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில். எங்களைப் பெற்ற ஐயா சீக்கிரமே இறந்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவர் என்பதால் அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பழம் வெட்டப் போனார். அந்தக் கூலியில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். பிறகு பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டார். மச்சானுக்குத் தேனியில் மோட்டார் உதிரிபாகக் கடை. இரண்டு ஆண் பிள்ளைகள்.

அக்காவின் கைப்பக்குவத்தைச் சும்மா சொல்லக்கூடாது. பீர்க்கங்காயைச் சீவினால் தோல் துவையலாகிவிடும். மல்லித் தண்டு ரசத்துக்குப் போகும். புளித்த மாவு பணியாரமாகும். மிஞ்சிய சோற்றைப் பிசைந்து மொட்டை மாடியில் வடகம் போட்டுவிடுவார். அதெல்லாம் கெட்டிக்காரத்தனம். அதற்காக அவரை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆனால் நீங்கள் மெச்சிக்கொண்டது அதை அல்ல.

ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது அக்கா உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். மச்சானுக்கு, பிள்ளைகளுக்கு, மூத்தவனைக் கட்டிய மருமகளுக்கு. அத்தோடு உழக்கை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். உனக்கு எங்கே என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்குடி தனியா அளக்கணும்? அவுக சாப்பிட்டது போக மிச்சம் கெடக்கும்ல.”

கிடந்தது. கிடக்காமல் என்ன? மச்சான் கடையிலேயே பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல்ல மாட்டார். இளையவன் வீட்டில் சப்பாத்தி சுட்டு வைத்திருக்கும்போதே பரோட்டாவுக்குச் சொல்லியிருப்பான். எல்லாம் அக்காவின் தட்டில் வந்து விழும். யாரும் வராத நாளில் எல்லோருடைய சோற்றையும் அவரே தின்று தீர்க்க வேண்டும். எல்லோரும் வந்து வயிறார உண்ட நாளில் அவருக்கு நீராகாரம். சர்க்கரை நோய்க்காரர். நேரத்துக்கு அளவாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். அளவே இல்லாதவர் எதை அளவாகச் சாப்பிடுவது?

எங்கள் வீட்டில் குப்பைக்கூடைக்கே வேலையில்லை என்று மச்சான் விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். நீங்களும் தலையாட்டினீர்கள். நன்றாயிருக்கிறது நியாயம்! அந்த வீட்டின் குப்பைக்கூடை எங்கள் அக்காவின் வயிறுதான்.

காலில் புண் வந்தது. பிறகு சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருநாள் ஆவி பறக்க இட்லி கொண்டு வந்தார். மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்றுதான் அக்கா முதலில் கேட்டார்.

“இது உங்களுக்குன்னு ஊத்துனதுக்கா” என்றார் அவர்.

“எனக்குன்னா?”

கேட்டுவிட்டு அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

அக்கா போன பிறகுதான் கூத்தே. அந்த வீட்டில் தினமும் சோறு கொட்டினார்கள். இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கொட்டுகிறீர்கள் என்று குப்பை வாங்க வரும் அம்மாவே கேட்டிருக்கிறார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்கென்று அரிசி அளந்ததே இல்லை. அதனால் அவர் இல்லாமல் போன பிறகும் யாரும் அளவைக் குறைக்கவில்லை. அவர் தின்று தீர்த்ததெல்லாம் இப்போது வாளியில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் அக்கா வந்திருந்தார். முதல் நாள் சோற்றுப் பானையை எடுத்து மருமகள் பக்கம் நகர்த்தினார்.

“ஒன் மாமியா இருந்தா இப்பிடிக் கொட்ட விட்டுருப்பாளா? இனி நீதான் ஆத்தா பாத்துக்கணும்.”

மருமகள் வேலைக்குப் போகிற பெண். வாய் பேசத் தெரியாதவள் அல்ல. ஆனால் செத்தவர் பேரைச் சொல்லிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு போய் மச்சானின் முன்னால் வைத்தேன்.

“மச்சான், இது நீங்க திங்காத சோறு. நீங்களே சாப்பிடுங்க.”

மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மோர் ஊற்றிப் பிசைந்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார், கை நின்றுவிட்டது.

“இதையா அவ தினமும் தின்னா?”

ஆமாம் என்றேன். அவர் அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை.

இப்போது மச்சான் மதியம் வருவாரா மாட்டாரா என்று காலையிலேயே சொல்லிவிடுகிறார். மருமகள் தனக்கும் சேர்த்து அளக்கிறாள். எல்லோருடனும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறாள். இளையவன் இன்னும் பரோட்டா வரவழைக்கிறான். மறுநாள் காலையில் விறைத்துப்போன சப்பாத்தியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனே தின்கிறான். தின்னட்டும்.

அக்காவுக்கென்று இட்லி ஊற்றிய பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்து செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

திருப்பலி முடிந்ததும் சாப்பாடு. வருகிறவர்களைக் கேட்டறிந்துதான் அரிசி போட்டிருக்கிறோம். சமைத்த பெண்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள். மச்சானும் பிள்ளைகளும் பரிமாறுவார்கள். அந்தப் பெண்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்வரை மற்ற ஆண்கள் வெளியே நிற்க வேண்டும். பசிக்கும். அந்தப் பசியோடு கொஞ்ச நேரம் நின்றால்தான், எங்கள் அக்காவை நீங்கள் நினைத்தீர்கள் என்று நான் ஒப்புக்கொள்வேன்.