‘ங்க’ போடாமல் சொல்லு, கண்ணு

ஆவாரம்பாளையத்தில் வாடகைக் கொட்டகை ஒன்றில் ஒற்றை பெல்ட் லேத்தை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அந்த ஒற்றை லேத்திலிருந்து மூன்று பட்டறை உண்டாக்கினேன். ஒரு பவுண்டரி உண்டாக்கினேன். சரவணம்பட்டிக்கு அப்பால் கம்ப்யூட்டர் மெஷின் ஓடுகிற ஷெட் ஒன்று நிற்கிறதே, அதுவும் என்னுடையதுதான். தொண்டாமுத்தூர் பக்கம் தென்னந்தோப்புக்குள் போய்க் காதை வைத்துக் கேளுங்கள், நான் செய்த பம்பு இன்றைக்கும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். வங்கிக்காரர் முடியாது என்றார், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், கரண்ட் பாதி நாள் வரவில்லை. அத்தனையையும் தாண்டித்தான் செய்தேன்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் என் ஆயுசிலேயே பெரிய வேலை, நான் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய ஒரு சாமான். அதை மட்டும் ஊரில் யாரும் என் பேரில் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒருவர் எங்களிடம் மூன்று வருஷமாகப் பம்பு உதிரிகள் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே தோட்டக்காரர்களுக்கு விற்பவர். ஏற்றுமதி முழுவதையும் என் மகள் பார்க்கிறாள், என்ஜினியரிங் படித்தவள். அந்த மனிதர் ஒரு நாள் புது டிராயிங் அனுப்பினார். பெரிய ஆர்டர், மகள் பொறுப்புக்கு வந்தபிறகு அவளாகவே பிடித்த முதல் பெரிய ஆர்டர். ‘இது பம்பு உதிரிபாகம்தான், வேறெதற்கும் இல்லை’ என்று ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை ஆரம்பித்துவிடலாம். பின்னால் அது பொய் என்று தெரிந்தால் கோர்ட்டில் போய் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. டிராயிங் படிக்கத் தெரியும். பார்த்ததும் கேட்டேன்.

“இதோட ஜோடி எங்க கண்ணு?”

எந்தச் சாமானுக்கும் அது போய் உட்காருகிற மறுபாதி ஒன்று இருக்கும். எங்கள் பட்டறையில் அதை ஜோடி என்போம். ஜோடியைக் கையில் வைத்துப் போட்டுப் பார்க்காமல் நான் ஒரு திருகு மரை வெட்டியது கிடையாது.

“ஜோடி அனுப்ப மாட்டாருங்களாம்ப்பா. அது ரகசியமாமுங்க.”

“பம்புல என்ன ரகசியம்? கிணத்துக்குள்ள தண்ணி இருக்குதுங்கறது ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதானே.”

மகளுக்குக் கோபம். “எல்லாத்துலயும் இப்படித் தடங்கல் சொன்னீங்கன்னா நான் எப்பத்தான் ஒரு ஆர்டரை முடிக்கறதுங்கப்பா?” என்றாள். ஆள் நேரில் வரட்டும், வந்தபிறகு கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டேன். அவரும் வந்தார்.

உயரமான மனிதர், ஐம்பது வயது இருக்கும். வழித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. ஆபீசுக்குள் வருமுன் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டில் கொள்ளு ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பேச்சுக் கொடுப்பதற்காக அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தேன். கரண்ட் கட்டு, வரி, ஒவ்வொரு சீலுக்கும் ஒவ்வொரு மேசை. நான் சொல்லச் சொல்ல மகள் இங்கிலீஷில் சொன்னாள். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அவரு அரசாங்கத்தோட எந்தச் சகவாசமும் வெச்சுக்கறதில்லைங்களாம்ப்பா. வரி கட்டறதில்லைங்களாம். லைசென்சு வாங்கறதில்லைங்களாம். வண்டிக்கு நம்பர் பிளேட்டுகூட அவரே செஞ்சு மாட்டிக்கிட்டாருங்களாம்.”

“அட, நம்மாளு!” என்று தோளில் தட்டினேன்.

என் வாழ்நாளில் நான் ஒப்புக்கொண்ட தவறுகள் மிகக் குறைவு. அந்தத் தட்டு அதில் ஒன்று. நான் திட்டுகிற திட்டு வேறு. காலையில் மின்சார ஆபீசைத் திட்டுவேன், திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்பேன், திட்டின கிளார்க்கோடேயே டீயும் குடிப்பேன். அவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏனுங்க, உங்கூர்ல மனு எங்கீங்க குடுப்பீங்க?”

நான் கேட்டதை மகள் இங்கிலீஷில் சொன்னாள். அவர் சிரித்தார். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். செங்கல் கட்டடம், முன்னால் கொடி. அடுத்த படத்தில் கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை ரப்பர் ஸ்டாம்ப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைக் காட்டிக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார், குரலை உயர்த்தவேயில்லை.

“அந்த ஆபீசுலதான் வரி பாக்கின்னு அவரு நெலத்தை எடுத்துக்கிட்டாங்களாமுங்க. ஒரு நாளைக்கு அந்த ஆபீசு இருக்காதுங்கறாருங்க. அவங்க கூட்டத்து ஆளுங்க எல்லாத்தையும் சரி பண்ணிப்போடுவாங்களாமுங்க.”

சொல்லும்போது மகள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினால் எந்த பேரிங் என்று சொல்லிவிடுகிறவன் நான். மகள் குரல் மாறினால் தெரியாதா? அவர் சொன்னது நீளம், இவள் சொன்னது குட்டை. அவர் வாயிலிருந்து எப்படி வந்ததோ, என் காதுக்கு மட்டும் ‘ங்க’ போட்டு, சந்தனம் தடவி வந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. சண்டைக்குப் போகிறவனும் ‘உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா’ என்றுதான் கேட்பான். விஷத்தைக்கூட மரியாதையில் சுற்றித்தான் கொடுப்போம்.

“கண்ணு, மரியாதையெல்லாம் எடுத்துப்போட்டுச் சொல்லு. அவன் சொன்னது எப்படியோ அப்படியே. ‘ங்க’ போடாதே.”

அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் தமிழ் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“அந்தப் பொம்பளை உள்ள இருக்கறப்பவே கட்டடத்தைக் கொளுத்துவோம். அவ கவர்ன்மெண்டுக்குக் கூலிக்காரி, அவளுக்குப் பாவம் பாக்கக் கூடாது. எங்காளுக காட்டுக்குள்ள சுட்டுப் பழகிக்கிட்டு இருக்கறாங்க. நாள் வரும். நீ செஞ்சு தர்றது அந்த நாளுக்குத்தான்னு நினைச்சுப் பெருமைப்படு.”

பிறந்ததிலிருந்து ‘ங்க’ இல்லாமல் என் மகள் என்னிடம் பேசியதே இல்லை.

இந்த ஊர் தொண்ணூற்றெட்டில் குண்டுச் சத்தம் கேட்ட ஊர். அந்தச் சமயத்தில் நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை சிப்பந்தி அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. அந்தப் படத்துப் பெண்பிள்ளையைப் பார்த்தபோது மின்சார ஆபீசில் நான் இருபது வருஷம் சண்டை போட்ட அம்மாதான் நினைவுக்கு வந்தார். அந்த அம்மா என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

நான் டிராயிங்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “வேர்ங்க ஜோடி?” என்று நானே இங்கிலீஷில் கேட்டேன். மகள் அதைத் திருத்திக் கேட்டதும், ஜோடியைத் தானே பொருத்திக்கொள்வதாகச் சொன்னார்.

“இந்த மரையில தண்ணி நிக்காதுங்க. தண்ணி நிக்காத சாமானை எம்பட பட்டறையில செய்யறதில்லைங்க.”

மகள் அதைச் சொன்னாள். இங்கிலீஷில் ‘ங்க’ கிடையாதல்லவா, சுருக்கென்று இறங்கியிருக்கும். மனிதர் டிராயிங்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வந்தவரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வாய்ப் பழக்கத்தில் “போய்ட்டு வாங்க” என்றும் சொல்லிவிட்டேன்.

“எதுக்குங்கப்பா மறுபடியும் வரச் சொல்றீங்க?” என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கையெழுத்து நின்றது. அவள் அதோடு விட்டுவிடலாம் என்றாள். “நமக்கெதுக்குங்கப்பா அவங்கூர் வம்பு? ஆர்டர்தான் போயிருச்சே.” எனக்கு ஒப்பவில்லை. நாம் செய்யாவிட்டால் வேறொரு பட்டறை செய்துகொடுக்கும், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற பெண்பிள்ளைக்கு யார் சொல்வது? பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தேன். டிராயிங், அவர் அனுப்பிய மெயில்கள், பேசிய பேச்சு, எல்லாம் அமெரிக்க அரசாங்க அலுவலகத்துக்குப் போயிற்று. “எழுத்துலயும் மரியாதையைச் சேத்தீடாதே” என்று இரண்டு தரம் சொன்னேன்.

சில மாதம் கழித்து மகள் செல்போனை நீட்டினாள். அந்த மனிதரையும் கூட்டாளிகளையும் பிடித்துவிட்டார்கள். கட்டடம் நிற்கிறது, அந்தப் பெண்பிள்ளையும் நன்றாக இருக்கிறாள்.

“அதுக்குப் பேரு உள்நாட்டுப் பயங்கரவாதமுங்கப்பா. வெளியிலிருந்து யாரும் வர்றதில்லை. சொந்த அரசாங்கத்தையே எதிரின்னு நினைக்கற கூட்டம் அங்க நிறைய இருக்குதுங்களாம்.”

படித்தவர்கள் காரணம் ஆயிரம் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்று. அரசாங்கத்தைத் திட்டலாம், திட்டவே வேண்டும். நான் திட்டாத நாள் கிடையாது. திட்டிவிட்டு வரிசையில் போய் நிற்கப் பிடிக்காதவன்தான் நெருப்பைத் தேடுகிறான்.

பிறகு அங்கிருந்து நன்றிக் கடிதம் வந்தது, கம்பெனிக்கும் மகளுக்கும். எங்கள் பட்டறை முதலாளிகள் சங்கத்து விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன், சந்தோஷமாகத்தான் தட்டினேன். விழா மலரைப் பிரித்தால் ‘நவீன ஏற்றுமதி நடைமுறைகளால் ஆபத்து கண்டறியப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். என் பேர் இல்லை.

மகளிடம் கேட்டேன். “எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டாங்க. ‘ங்க’வை எடுத்துப்போட்டுக் கண்டுபிடிச்சோம்னா சிரிப்பாங்களேன்னு விட்டுட்டனுங்கப்பா” என்றாள்.

சிரிக்கட்டும். ஜோடி எங்கே என்று முதலில் கேட்டது நான். ‘ங்க’ போடாமல் சொல்லு என்றதும் நான். தண்ணீர் நிற்காது என்று முகத்துக்கு நேரே சொன்னதும் நான். அடுத்த மலரில் இந்த மூன்றும் என் பேரோடு அச்சில் வர வேண்டும். மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், இது வேண்டுகோள் இல்லை. வேண்டுகோளாக இருந்தால் ‘எழுதுங்க’ என்றிருப்பேன்.

எழுது.