ஊற்றுக்கு மேலே தம்பியின் தோட்டம்

மலாய் நாட்டு மலையூர் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் இன்னும் குடியிருக்கிறேன். அப்பா, அம்மா கொழுந்து எடுத்தவர்கள். எனக்கு பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிற வேலை. எங்கள் லயத்துக்கும் கீழே ரோட்டோரக் கடைகளுக்கும் ஒரே தண்ணீர்தான். மலைக்காட்டு ஊற்றில் சிமெண்டுத் தொட்டி கட்டி, பைப் போட்டு இறக்கியிருக்கிறார்கள்.

போன மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. கொதிக்க வைத்தாலும் போகவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்காமல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லாரும் இதையே பேசினார்கள். அதிகம் பேசியது நான்தான்.

"மேல எவனோ தோட்டம் போட்டிருக்கான். குடிக்கிற தண்ணியக் கெடுக்கிறவன்லாம் ஒரு மனுஷனா?" என்றேன்.

அன்று மத்தியானமே மூன்று பேர் மேலே ஏறினோம். நான், அந்தக் குழந்தையின் அப்பா, ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நானா. தமிழ் முஸ்லிம், அண்ணன் முறையில் நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

தொட்டிக்கு மேலே காட்டையே காணோம். சரிவை வெட்டிப் படி படியாக்கி, பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார்கள். ஓரத்தில் கோழி எரு மூட்டைகள் கிழிந்து கிடந்தன. பூச்சி மருந்து கலக்குகிற நீல டிரம் ஒன்றும் இருந்தது. அங்கிருந்து வழிந்த கறுப்புத் தண்ணீர் நேராக ஊற்றில் இறங்கியது.

கூரைக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். "அக்கா, நீ எங்க இங்க?" என்றான்.

என் தம்பி. கோலா தெர்லாவில் காய்கறி போடுகிறவன். புதிதாக ஒரு இடம் எடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. வாரா வாரம் அவன் கொண்டுவந்த கோஸையும் சாலட் கீரையையும் லயத்தில் எல்லார் வீட்டுக்கும் பெருமையாகக் கொடுத்து வந்தேன். அந்தக் குழந்தையின் வீட்டுக்கும்தான்.

"தண்ணி கெட்டுப் போச்சுடா," என்றேன்.

"எல்லாரும்தான் எரு போடுறாங்க லா. நான் மட்டுமா? ரெண்டு மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும்."

குழந்தையின் அப்பா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நானாதான் மெதுவாக, "மூட்டைய அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மூன்று பேரும் இறங்கினோம். வழுக்குகிற இடத்தில் குழந்தையின் அப்பா எனக்குக் கை கொடுத்தார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடையில் நானா தேத்தண்ணி போட்டு வைத்தார். "பாட்டில் தண்ணிதான், பயப்படாம குடிங்க," என்றார். பிறகு, "தண்ணி ஆபீசுக்கெல்லாம் போக வேணாம், தங்கச்சி. உங்க தம்பியாப் போயிட்டாரு. பேசித் தீத்துக்கலாம்," என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இதில் எல்லாவற்றையும்விட அதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

குழந்தையின் அப்பா கிளாசைப் பார்த்தபடியே, "என் வீட்டுல சொல்ல மாட்டேன். சொன்னா அவ உங்க வீட்டுப் படி ஏற மாட்டா," என்றார். புருஷன் பெண்டாட்டியிடம் மறைக்கிற அளவுக்கு என் மானம் வந்து நின்றது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். இடத்தைச் சொன்னேன். யாருடைய தோட்டம் என்று அங்கிருந்த அதிகாரி மலாயில் கேட்டார். என் தம்பியுடையது என்று சொன்னேன். குரல் எழும்பாததால் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழும்படி மறுபடியும் சொன்னேன்.

ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஊற்றுக்கு மேலே பயிர் வைக்கக்கூடாது என்று கூரையைப் பிரிக்க வைத்தார்கள். விளைந்து நின்ற கோஸெல்லாம் போயிற்று. தொட்டியைக் கழுவி, சுற்றிலும் வேலி போட்டார்கள். கொஞ்ச நாளில் வாடை நின்றது. குழந்தையும் தேறி வந்தது.

தம்பி ஒரே ஒருமுறை போன் செய்தான். "ஊர்க்காரன் சொல்லியிருந்தா பரவால்ல. நீயாக்கா போய்ச் சொன்னே?" என்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான். கிறிஸ்மசுக்கு நான் கேக் கொண்டு போனேன். அவன் மனைவி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

கோயிலில் இப்போது என்னை நல்லவள் என்கிறார்கள். அப்படி யாராவது ஆரம்பித்தால் காலணியைத் தேடுவதுபோல் நகர்ந்துவிடுவேன். அவன் வெட்டிய காட்டில் விளைந்த கீரையை ருசித்துத் தின்றவள்தானே நானும்.

போன மாதம் பஸ்ஸில் கோலா தெர்லா வழியாகப் போனேன். ரோட்டோரத்தில் தம்பி லாரியில் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜன்னலில் என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்குவதற்குள் கூடையோடு திரும்பிக்கொண்டான்.